கேப்பை மால்ட் ஏன் புளிக்கிறது, ஏன் இறுகுகிறது? மதுரை வெயிலில் முளைகட்டிக் காயவைக்கும் முறை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருக்கும் ஒரு தாய், எட்டு மாதக் குழந்தைக்காக வீட்டிலேயே கேப்பை மால்ட் செய்கிறார். பியர் காய்ச்சுவோருக்காக எழுதப்பட்ட பார்லி மால்ட் குறிப்பைப் பார்த்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நான்கு நாள் முளைக்கவிட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, நன்றாகச் சிவக்க வறுத்து மில்லில் அரைத்திருக்கிறார். துணியில் கட்டிய மறுநாளே புளித்த வாடை வருகிறது. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ பூக்கிறது. இதையெல்லாம் தாண்டி மாவானாலும், கஞ்சி காய்ச்சினால் சாதாரணக் கேப்பை மாவைப் போலவே களியாக இறுகுகிறது. எங்கே தவறு?

மூன்றாவதாகச் சொன்ன சிக்கலில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். முளைகட்டிய மாவு எல்லாமே மால்ட் ஆகிவிடாது. விதை முளைக்கும்போது, தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைக் கரைத்துத் தின்பதற்காக அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த நொதி உயிரோடு மாவுக்குள் வந்து சேர்ந்தால்தான் அது மால்ட். அப்படிப்பட்ட மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியான கஞ்சி சில நிமிடங்களில் தளர்ந்து நீர்த்துவிடும், லேசாக இனிக்கவும் செய்யும். உங்கள் மாவு இறுகுகிறது என்றால் வழியில் எங்கோ நொதி செத்துப்போயிருக்கிறது. சிவக்க வறுத்ததில் செத்திருக்கலாம், கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியதில் செத்திருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே நடக்கிறது.

குழந்தைக்கு இது ஏன் முக்கியம் என்றால், சாதாரணக் கேப்பைக் கஞ்சி இறுகும்போது நாம் தண்ணீர் விட்டு இளக்குகிறோம். 8 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிதான் கொள்ளும். அதில் பெரும்பகுதி தண்ணீராகவே போய்விடுகிறது, பிள்ளை வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்தும் இருக்கிறது. மால்ட் சேர்த்தால் அதே இளக்கமான கஞ்சியில் கூடுதலாக மாவு சேர்க்க முடியும். 1980களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யும், அமைலேஸ் நிறைந்த மாவு என்ற பெயரில் பரோடாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் தாரா கோபால்தாஸ் குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்து பரப்பினார்கள்.

பார்லிக் குறிப்பு ஏன் உங்களைக் கைவிட்டது என்பதையும் பார்த்துவிடுவோம். பார்லியை மால்ட் ஆக்குவது சுமார் 15 டிகிரி குளிரில். அங்கே நான்கைந்து நாள் முளைக்க விடுவது சரி. பியருக்கு அந்த மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்து சர்க்கரையானதும் சாற்றை வடித்துக் காய்ச்சி ஈஸ்ட் போடுவார்கள். உகாண்டாவில் முளைகட்டிய கேப்பையிலேயே அப்படி மது காய்ச்சும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம் என்பதால் நமக்கு வேலை மால்ட்டோடு முடிகிறது. ஆனால் அந்தக் கைவேலையில் உள்ள அறிவு முழுக்க நமக்கும் பொருந்தும், வெப்பநிலையும் நேரமும் மட்டும் வேறு. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், சுண்டுவிரல் நகத்தில் பத்து நிற்கும் அளவுக்குச் சின்ன தானியத்தை 24 மணி நேரம் ஒரே தண்ணீரில் ஊறவைத்தால் அது புளிக்காமல் என்ன செய்யும்?

இனி முதலிலிருந்து வருவோம்.

கேப்பை வாங்கும்போது முளைக்கிற கேப்பையா என்பதுதான் ஒரே கேள்வி. கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலோ, உங்கள் தெருப் பலசரக்குக் கடையிலோ கால் கிலோ வாங்கி வந்து, நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியில் மடித்து இரண்டு நாள் வையுங்கள். தொண்ணூறுக்கு மேல் முளைத்தால் அந்த மூட்டையிலேயே தேவையானதை வாங்கிக்கொள்ளுங்கள். எண்பத்தைந்துக்குக் கீழே என்றால் களிக்கு வைத்துக்கொள்ளலாம், மால்ட்டுக்கு ஆகாது. முளைக்காத மணி வெறுமனே கிடக்காது, ஈரத்தில் செத்துக் கிடக்கும் அந்த மணியில்தான் பூஞ்சை முதலில் குடியேறும். அறுவடையாகி வந்த புதுக் கேப்பையும் சில வாரம் உறக்கத்தில் இருக்கும், அதுவும் சரியாக முளைக்காது. விதைக்கென்று விற்கும் கேப்பையை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஒரு கிலோவுக்குக் கணக்குச் சொல்கிறேன். முதலில் சுளகில் புடைத்துத் தூசியையும் உமியையும் நீக்கி, பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அரித்துக் கல் எடுங்கள். மிதப்பதையெல்லாம் வழித்து எறியுங்கள். தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை கழுவ வேண்டியிருக்கும். இந்தக் கழுவலில் சோம்பல் காட்டினால் புளிப்பு அங்கேயே தொடங்கிவிடும், ஏனென்றால் புளிக்கவைக்கும் கிருமிகள் தானியத்தின் மேல்தோலோடுதான் வருகின்றன. கழுவுவதற்கு போர்த் தண்ணீர் போதும். ஊறவைக்க நல்ல தண்ணீரை எடுங்கள், உப்புத் தண்ணீரில் முளைப்பு தாமதமாகும்.

ஊறவைக்க மூன்று லிட்டர் தண்ணீர். பங்குனியிலிருந்து ஆவணி வரை 8 முதல் 10 மணி நேரம், மார்கழி தையில் 12 மணி நேரம். இதற்கு மேல் வேண்டியதில்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சல்லடையில் ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். காற்றாட வைப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊறும் விதை மூச்சுவிடுகிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும், விதைக்கு மூச்சு முட்டும், காற்று தேவைப்படாத புளிப்புக் கிருமிகள் பெருகும். உங்களுக்கு வந்த புளித்த வாடை இதுதான். துணியில் கட்டிய பிறகு தெரிந்தாலும், பிறந்தது ஊறிய பாத்திரத்தில். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் குழாய்த் தண்ணீர் மத்தியானத்தில் கையைச் சுடும், அதைப் பயன்படுத்தாதீர்கள். மண்பானைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

ஊறியது போதுமா என்று நிறுத்துப் பார்க்கலாம். ஒரு கிலோ கேப்பை, வடித்து மேல் ஈரம் துணியில் ஒற்றிய பிறகு 1.4 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 1.3க்குக் கீழே இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

முளைக்க வைக்கும் துணி வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும், பழைய வேட்டி நல்லது. சாயம் போட்ட சுங்குடியோ கைலியோ வேண்டாம், ஈரத்தில் சாயம் இறங்கும். ஒவ்வொரு முறையும் துணியைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். போன முறை பூத்த பூஞ்சையின் வித்து இந்த முறைக்குத் துணியில் காத்திருக்கும். சாக்கில் கட்டும் பழைய வழக்கம் காற்றோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் இன்று கிடைக்கும் சாக்கு எதற்குப் பயன்பட்டது என்று தெரியாது, குழந்தை உணவுக்கு அதை நம்ப முடியாது.

மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவது கால் கிலோ வரைக்கும் சரி. ஒரு கிலோவை அப்படிக் கட்டினால் நடுவில் வெந்துபோகும். முளைக்கும் தானியம் தானே சூட்டைக் கிளப்பும். கையை மூட்டைக்குள் விட்டுப் பாருங்கள், வெளியே 32 டிகிரி என்றால் உள்ளே அதைவிடத் தெளிவாகச் சூடு தெரியும். அதனால் அகலமான தட்டு, மூங்கில் தட்டு அல்லது ஓட்டைத் தட்டில் துணி விரித்து, இரண்டு விரல்கடைக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்துணி மூடுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத மூலை வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் மெல்லக் கிளறிவிட்டு, கையில் தண்ணீர் அள்ளித் தெளியுங்கள். தெளிப்பதுதான், ஊற்றுவது இல்லை. தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால் அடி மணிகள் அழுகும். காலையும் மாலையும் ஒருமுறை சல்லடையில் போட்டு நல்ல தண்ணீரில் அலசி வடித்தால் வாடை அண்டாது. கோடையில் இது கட்டாயம், மார்கழியில் தேவையில்லை.

எப்போது நிறுத்துவது? முளைப்பாரிக்குப் போல உயர வளர்க்கும் வேலை இது இல்லை. நம் ஊர்ச் சூட்டில் கேப்பைக்கு 36 முதல் 48 மணி நேரம். வேர் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை நீண்டு, குருத்து எட்டிப் பார்க்கும் கட்டம் போதும். மணியை விரல்களுக்கு நடுவே நசுக்கினால் உள்ளிருப்பது மாவாக வழுக்க வேண்டும், கடினமான பொட்டு எதுவும் தட்டுப்படக் கூடாது. நான்கு நாள் விட்டால் நொதி கூடிக்கொண்டே போகாது. விதை தன் மாவுச்சத்தைத் தின்று பயிராகிவிடும். உங்களுக்கு எடை குறையும், கசப்பு ஏறும், பூஞ்சைக்கு அவகாசமும் கிடைக்கும்.

இப்போது அந்த வெள்ளைப் பஞ்சு. எறிவதற்கு முன் பாருங்கள், அது பூஞ்சையாக இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டாம் நாள் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைத் தூவிகள் வரும். அவை வேர்த்தூவிகள், தண்ணீர் தேடும் செடியின் உறுப்பு. காற்று சற்றே காய்ந்திருக்கும் நேரத்தில் அதிகமாகத் தெரியும். அடையாளம் இப்படி: வேரைச் சுற்றி மட்டும் ஒரே சீராக இருக்கும், எல்லா மணியிலும் ஒரே நேரத்தில் வரும், தண்ணீர் தெளித்ததும் வேரோடு ஒட்டி மறைந்துவிடும், வாடை பச்சை வெள்ளரிக்காய் நறுக்கியது போல இருக்கும். பூஞ்சை அப்படி வராது. அங்கங்கே திட்டாகத் தொடங்கும், மணிக்கும் மணிக்கும் நடுவே நூலாம்படை கட்டும், முளைக்காத மணிமேல் முதலில் ஏறும், அலசினாலும் போகாது, பிறகு சாம்பலாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும், மக்கிய வாடை அடிக்கும். இதில் எது வந்தாலும் அந்த ஈடு முழுவதையும் எறிந்துவிடுங்கள். கெட்டதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தை வறுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் போன்ற நஞ்சு வறுத்தாலும் காய்ச்சினாலும் அழிவதில்லை. ஒரு கிலோ கேப்பையின் விலை இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேசான புளிப்பு, இட்லி மாவின் ஆரம்ப வாடை அளவுக்கு என்றால், உடனே மூன்று தண்ணீர் அலசி, மெல்லிசாகப் பரப்பினால் காப்பாற்றிவிடலாம். அலசிய பிறகும் பிசுபிசுப்பு இருந்தாலோ, சாக்கடை மாதிரி, அழுகிய மாதிரி நாறினாலோ அது முடிந்த கதை. கேப்பையின் செம்பழுப்புத் தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் பூஞ்சையை ஓரளவு எதிர்த்து நிற்கும். அதனால்தான் மற்ற தானியங்களைவிட இது நம் வெப்பத்தில் தாக்குப்பிடிக்கிறது. வெள்ளைக் கேப்பை ரகங்களுக்கு அந்தக் காவல் குறைவு.

காயவைப்பதில் மொட்டை மாடி ஒரு பொறி. கோடையில் சிமென்ட் தளம் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஈரமான மணியை அதில் நேராகக் கொட்டினால், ஈரமும் சூடும் சேர்ந்து நொதியை அவித்துவிடும். அதே நொதி காய்ந்த மணிக்குள் இருந்தால் 70 டிகிரியையும் தாங்கும், ஈர மணிக்குள் 50 டிகிரிக்கு மேல் போனால் கெடத் தொடங்கும். பார்லி மால்ட் செய்பவர்கள் உலர்த்தும் சூளையில் 50 டிகிரியில் தொடங்கி, ஈரம் வடிந்த பின் படிப்படியாக 80 வரை ஏற்றுவது இதற்காகத்தான். நாம் செய்யக்கூடியது: முதல் மூன்று நான்கு மணி நேரம் நிழலில், கட்டில்மேல் வேட்டி விரித்து, காற்றாடியைப் போட்டு, ஒரு விரல்கடைக்கும் மெல்லிசாகப் பரப்பிக் காயவைப்பது. மேல் ஈரம் போய் மணி தனித்தனியாக உதிரும் நிலை வந்தபின் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் தரையில் வேண்டாம், கட்டில்மேலேயே இருக்கட்டும், அடியிலும் காற்று போகும். மேலே மெல்லிய துணியோ கொசுவலையோ மூடினால் புறாவும் அணிலும் வராது. ஆடிக் காற்றில் மண் வாரி இறைக்கும் என்பதால் அந்த மாதத்தில் மூடி இல்லாமல் வைக்கவே கூடாது.

முளைத்ததிலிருந்து நன்றாகக் காய்ந்து முடிய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் இது நடக்காது. அந்த இரண்டு மாதமும் மால்ட் போடாமல் இருப்பதே நல்லது என்பேன். கட்டாயம் என்றால் கால் கிலோவாகப் போட்டு, காற்றாடியில் ஓர் இரவு, பிறகு 55 டிகிரியில் வைத்த ஓவனில் கதவை ஒரு விரல் திறந்து நான்கைந்து மணி நேரம். அடுத்த சில மாதத்துக்கு வேண்டியதைத் தை முதல் பங்குனி பாதி வரைக்குள் செய்து முடிப்பவர்கள் புத்திசாலிகள். வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்திருக்கும், தண்ணீரும் சூடாகாது.

காய்ந்ததா என்று பல்லால் கடித்துப் பார்ப்பார்கள், 'கடுக்' என்று உடைய வேண்டும். தராசு அதைவிட நேர்மையானது. நீங்கள் எடுத்தது ஒரு கிலோ, அதில் ஏற்கெனவே 12 சதவீதம் போல ஈரம் இருந்தது, முளைத்ததில் கொஞ்சம் மாவுச்சத்தும் செலவாகியிருக்கிறது. ஆகவே ஒழுங்காகக் காய்ந்த மால்ட், வேரோடு சேர்த்தே, 900 கிராமுக்குக் கீழே வர வேண்டும். இன்னும் ஒரு கிலோவை ஒட்டி நிற்கிறது என்றால் கைக்கு எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது. டப்பாவில் அடைத்த பத்தாம் நாள் மக்கும்.

வேரை நீக்குவது சுலபம். காய்ந்த மணியைச் சொரசொரப்பான துணியில் போட்டு உள்ளங்கையால் தேய்த்தால் வேர் பொடியாக உதிரும், சுளகில் கொழித்தால் பறந்துவிடும். சிலர் சத்து போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். கசப்பில் பெரும்பகுதி அந்த வேரில்தான் இருக்கிறது. குழந்தை முகம் சுளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து வறுப்பு. இங்கேதான் வாசனைக்கும் நொதிக்கும் சண்டை. மணம் வரும்வரை வடச்சட்டியில் சிவக்க வறுத்தால் சட்டி நூறு டிகிரியைத் தாண்டி எங்கேயோ போய்விடும், நொதி ஒன்றும் மிஞ்சாது. நொதியைக் காப்பாற்ற 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சூட்டில் வறுத்த வாசனை அவ்வளவாக வராது. இரண்டையும் ஒரே ஈட்டில் பெற முயல்வதைவிடப் பிரித்துவிடுங்கள். 850 கிராம் மால்ட் கிடைத்தால் 100 கிராமை வறுக்காமல், வெயிலில் சுடச்சுடக் காய்ந்த நிலையிலேயே எடுத்து வையுங்கள். மிச்சத்தை மிதமான தீயில் உங்கள் விருப்பப்படி வறுங்கள். இரண்டையும் சேர்த்து அரைத்தால் வறுத்த மாவின் மணமும் இருக்கும், வறுக்காத பங்கின் நொதி மொத்தக் கஞ்சியையும் தளர்த்தும். ஐந்து சதவீதம் நல்ல மால்ட்டே போதுமானது, நூறு கிராம் என்பது தாராளம்.

மாவு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சோதனை, பத்து நிமிட வேலை. இரண்டு மேசைக்கரண்டி சாதாரணக் கேப்பை மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் கெட்டியாக்குங்கள். இறக்கி ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள், 65 டிகிரியை ஒட்டி வரட்டும். சமையல் தெர்மாமீட்டர் இல்லையென்றால், விரலை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுக்காத மால்ட் மாவு ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து அதில் விட்டுக் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து கட்டியாக விழுந்தது ஒழுகத் தொடங்கினால் உங்கள் மால்ட் நன்றாக வந்திருக்கிறது. அப்படியே நின்றால் முளைப்பிலோ காயவைத்ததிலோ பழுது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு கிலோவையும் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மில்லில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். உங்களுக்கு முன் மிளகாயோ மல்லியோ அரைத்த கல்லில் போட வேண்டாம், கேப்பையோ கோதுமையோ அரைத்த பின் போடச் சொல்லுங்கள். கல் இடைவெளியை மிகவும் நெருக்கி ஒரே ஓட்டத்தில் நைசாக்கினால் மாவு கையைச் சுடும் அளவுக்கு வெளிவரும். இரண்டு ஓட்டமாக விடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்த்து அந்த ஈரம் மாவில் இறங்கும். குழந்தைக்குத் தோல் நீங்கிய நைஸ் மாவு வேண்டுமென்றால், அரைப்பதற்குச் சற்று முன் கிலோவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசறி அரை மணி நேரம் வைத்து அரையுங்கள். தோல் பொடியாகாமல் செதிலாக நிற்கும், மெல்லிய துணியில் சலித்தால் பிரிந்துவிடும். அப்படிச் சலித்த மாவை அன்றே மறுபடி வெயிலில் காட்டிவிட வேண்டும். தோலோடு சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கும் போகும் என்பதால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சலிக்கத் தேவையில்லை.

கஞ்சி காய்ச்சும் விதம். எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 20 கிராம் மாவை, 150 மில்லி குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடேற்றுங்கள். ஆவி எழும்பி, கஞ்சி கெட்டிப்படத் தொடங்கும், இன்னும் கொதி வராத அந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கி மூடி, பத்து நிமிடம் விடுங்கள். நொதி வேலை செய்யும் சூடு 60 முதல் 70 டிகிரி வரைதான். மாவுச்சத்து வெந்து விரியும் சூடும் அதே அளவில் இருப்பது நம் அதிர்ஷ்டம். திறந்து பார்த்தால் தளர்ந்திருக்கும். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றி மூன்று நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். இந்தக் கடைசிக் கொதியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தவை, வறுக்காத மாவில் அவை இருக்கத்தான் செய்யும். கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவினால் முதல் நொடியிலேயே நொதி போய்விடும், மேலே சொன்ன அத்தனை பாடும் வீண். பால் சேர்ப்பதென்றால் தளர்ந்த பிறகு சேருங்கள்.

ஒரு வயதுக்குள் சர்க்கரை, கருப்பட்டி, உப்பு எதுவும் வேண்டாம், மால்ட்டின் இயல்பான இனிப்பே போதும். தேன் கண்டிப்பாகக் கூடாது, பச்சிளம் குழந்தைகளுக்குப் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் அதனால் வரலாம். ஆறு மாதம் நிரம்பும்வரை தாய்ப்பால் மட்டும்தான். கேப்பையில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதும், முளைகட்டும்போது, சத்துகளை உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைந்து இரும்பும் சுண்ணாம்பும் உடலில் சேர்வது கூடுவதும் உண்மை. இருந்தாலும் புரதத்துக்குப் பருப்பு வேண்டும். எழுபது பங்கு கேப்பை மால்ட்டுக்கு முப்பது பங்கு முளைகட்டிய பாசிப்பயறு நல்ல சேர்மானம். பயற்றை எட்டு மணி நேரம் ஊறவைத்து ஒரு நாள் முளைக்கவிட்டால் போதும். காயவைத்துத் தோல் நீக்கி, பச்சை வாடை போக நன்றாக வறுத்துச் சேருங்கள். பயற்றில் நொதியைக் காப்பாற்றும் கவலை இல்லை.

மற்ற தானியங்களிலும் இதைச் செய்யலாமா என்ற கேள்வி கூடவே வரும். கோதுமையில் அருமையாக வரும், 48 மணி நேர முளைப்பு. கம்பு முளைக்கும், ஆனால் அதில் கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் அரைத்த ஒரு வாரத்தில் காறல் அடிக்கும், கசக்கும். கம்பை அந்தந்த வாரத்துக்கு மட்டும் அரைக்க வேண்டும். சோளத்தைக் குழந்தைக்கு முளைகட்டாதீர்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் ஆடுமாடு மேய்ப்பவர்கள் இளஞ்சோளப் பயிரில் மாட்டை விடமாட்டார்கள். அந்தப் பயிரில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதுதான் காரணம், அதே பொருள் சோள முளையிலும் உண்டாகிறது. வேரையும் குருத்தையும் நீக்கிக் காயவைத்துக் காய்ச்சினால் பெருமளவு குறையும் என்றாலும், கேப்பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது குழந்தை விஷயத்தில் அந்தச் சோதனை எதற்கு?

சேமிப்பில் ஒரே யோசனைதான்: மணியாக வையுங்கள், மாவாக வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த மால்ட் மணி காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி ஜாடியிலோ ஐந்தாறு மாதம் கெடாது. மாவு வெளியே ஒரு மாதம், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதம். எடுக்கும் கரண்டி எப்போதும் உலர்ந்ததாக இருக்கட்டும். வறுக்காத நூறு கிராமை மட்டும் மற்றதோடு சேர்த்து அரைக்காமல் தனி ஜாடியில் போட்டு, வீட்டு மிக்ஸியில் இருபது இருபது கிராமாக அரைத்துக்கொண்டால் நொதி கடைசிவரை வீரியத்தோடு இருக்கும். அதில் ஒரு தேக்கரண்டி எந்தக் கஞ்சியையும் தளர்த்தும், அரிசிக் கஞ்சி, கோதுமைக் கஞ்சி உட்பட. தொண்டைப் புண்ணோ பல்வலியோ வந்து கெட்டியாக விழுங்க முடியாத வீட்டுப் பெரியவர்களுக்கும் இதே அளவு, இதே சூடு, இதே கடைசிக் கொதி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுவதால் இரத்தத்தில் வேகமாக ஏறும்.